பயங்கரவாதத்துக்கு இரண்டு மதிப்பெண்

நான் மேல்நிலைப் பள்ளியில் அரசியல் அறிவியல் நடத்துகிறவள். இந்தப் பாடத்துக்கு எங்கள் மாவட்டத்தில் ஆசிரியர்கள் குறைவு. ஒரு வருஷம் திருப்புதல் தேர்வின் விடைத்தாள்களைப் பள்ளி மாற்றித் திருத்த வேண்டும் என்று முடிவானது. எங்கள் பாடத்துக்குத் தர்மபுரியில் ஒரு பள்ளியின் வகுப்பறையை ஒதுக்கி, எங்கள் நாலு பேரை அதில் உட்காரவைத்தார்கள். மாரண்டஹள்ளிப் பக்கத்துப் பள்ளிகளின் தாள்கள் எங்களுக்கு வந்திருந்தன. பிள்ளைகள் யார் என்று எங்களுக்குத் தெரியாது. எங்களை அவர்களுக்கும் தெரியாது.

எங்களுக்குத் தலைமை தொப்பூர்க்காரர் ஒருவர். ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர், எல்லோரும் அவரைப் பெரிய சார் என்றுதான் கூப்பிடுவோம். இன்னொருவர் சித்தேரி மலையில் பிறந்து, அங்கிருந்து படித்து வந்தவர். எங்கள் எல்லோரையும்விட இளையவர், அதிகம் பேசமாட்டார். மூன்றாவது வரலாறு நடத்தும் டீச்சர். ஆள் போதாமல் அவரையும் சேர்த்திருந்தார்கள். நாலாவது நான்.

கேள்விகள் எல்லாம் பழகினவைதான். அதில் ஒன்று: "பயங்கரவாதம் - வரையறுக்க." அதற்கு இரண்டு மதிப்பெண். பெரிய சார் விடைக்குறிப்பை எழுந்து நின்று படித்தார்.

"அரசியல் நோக்கத்துக்காக, பொதுமக்கள் மீது, சட்டத்துக்குப் புறம்பாக வன்முறையை ஏவி, அச்சத்தை உண்டாக்குதல். நாலு பாயிண்ட். பாயிண்டுக்கு அரை மார்க். எல்லாரும் ஒரே மாதிரி போடணும், ஆளுக்கொரு மாதிரி போடக் கூடாது."

நாங்களும் தலையாட்டினோம். காலை முழுவதும் வேலை சுலபமாக ஓடியது. புத்தகத்தில் உள்ளதை வரி மாறாமல் எழுதியவர்களுக்கு முழு மதிப்பெண். பாதி மறந்தவர்களுக்குப் பாதி. ஒரு பையன் ஒரு மதத்தின் பேரைப் போட்டு, அவர்கள் செய்வதுதான் பயங்கரவாதம் என்று ஒரே வரியில் முடித்திருந்தான். அதைப் பக்கத்தில் இருந்த சித்தேரி சாரிடம் காட்டி, சுழி போட்டுவிட்டு அடுத்த தாளைப் புரட்டினேன். அதில் யோசிக்க ஒன்றும் இருப்பதாக எனக்கு அப்போது தோன்றவில்லை.

டீ வந்துபோன பிறகு என் கையில் வந்த தாளில் குண்டு குண்டான எழுத்தில் இப்படி இருந்தது: "பயங்கரவாதம் என்பது, நாம் ஒரு தப்பும் செய்யாமல் இருக்கும்போதே, எப்போது வரும், யார் வீட்டுக்கு வரும் என்று தெரியாமல் கதவைச் சாத்திக்கொண்டு, தம்பி அழாமல் அவன் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பது. எடுத்துக்காட்டு: போன வருஷம் எங்கள் ஊர்."

ஒரு தரம் மனசுக்குள் படித்தேன். பிறகு சத்தமாகப் படித்தேன்.

"அச்சம்னு ஒரு பாயிண்ட் வந்துருச்சு. அரை மார்க் போட்டுட்டு அடுத்தத எடுங்க டீச்சர்," என்றார் பெரிய சார்.

"அரையா?" என்றார் சித்தேரி சார். அன்றைக்கு அவர் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அதுதான் என்று நினைக்கிறேன். "மத்தவங்க எழுதுனது மனப்பாடம் சார். இது தெரிஞ்சு எழுதுனது. ரெண்டு போடணும்."

"தெரிஞ்சு எழுதுனா மட்டும் போதுங்களா? யாரு செஞ்சா, எதுக்குச் செஞ்சா ஒண்ணுமே இல்லியே. இது வரையறையா? கதை மாதிரி இருக்குது."

"கதையில்ல சார். எங்கப்பாவ அப்படித்தான் கூட்டிட்டுப் போனாங்க."

அவர் குரலை உயர்த்தவில்லை. அவர் சின்னப் பிள்ளையாக இருந்த காலத்தில், மலையில் யாரோ துப்பாக்கியோடு திரிகிறார்கள் என்று தேடுதல் நடந்ததாம். அந்த ஆட்களுக்குக் களி கிண்டிக் கொடுத்தார் என்று யாரோ சொல்ல, சீருடை போட்டவர்கள் வந்து அவருடைய அப்பாவை அழைத்துப்போனார்கள். திரும்பி வந்தவர் அதற்குப் பிறகு நிமிர்ந்து நடக்கவில்லை.

"அவரு களி குடுத்தாரா?" என்று வரலாற்று டீச்சர் கேட்டார்.

"துப்பாக்கியோட வந்து கேட்டா யாருங்க குடுக்க மாட்டாங்க? குடுக்கலன்னா அவிங்க அடிப்பாங்க. குடுத்தா இவிங்க அடிப்பாங்க. நீங்க சொல்ற நாலு பாயிண்ட்ல, இதுல யாரு பயங்கரவாதின்னு எனக்குச் சொல்லுங்க சார்."

பெரிய சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபப்படுவார் என்றுதான் நினைத்தேன். அவர் கோபப்படவில்லை, அவருடைய அண்ணனைப் பற்றிச் சொன்னார். அண்ணன் போலீஸ்காரர். காட்டுக்குள் பதுங்கியிருந்த ஒரு கும்பலைத் தேடிப்போன வண்டியில் அவரும் இருந்தார். பாதையில் வெடி புதைத்து வைத்திருந்தார்கள். உடலை அடையாளம் காட்டப் போனவர் பெரிய சார்தான்.

"கால் வெரல வெச்சுத்தான் கண்டுபிடிச்சேன்," என்றார்.

அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் பாடம் நடத்திப் பழகிய வாய். "சார், அந்தக் கும்பலுக்கு அரசியல் நோக்கம் ஏதாச்சும் இருந்துச்சுங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

"என்ன அரசியல்? சந்தனக் கட்ட கடத்துறவனுங்க. பணம்தான் நோக்கம்."

"அப்படின்னா விடைக்குறிப்புப்படி..." என்று ஆரம்பித்த நான் பாதியில் நிறுத்தினேன். மீதியை அவரே புரிந்துகொண்டார். அரசியல் நோக்கம் இல்லை. செத்தவர் சீருடையில் இருந்தவர், பொதுமக்கள் இல்லை. அவர் கையில் இருந்த விடைக்குறிப்பின்படி அவர் அண்ணனைக் கொன்றது பயங்கரவாதம் ஆகாது. அவர் அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பின்பக்கம் ஏதாவது இருக்குமோ என்பதுபோல.

"இத யாரு தயார் பண்ணாங்க?" என்று கேட்டார். அது அவர் தயாரித்ததுதான்.

வரலாற்று டீச்சர் சாக்பீஸை எடுத்துக்கொண்டு கரும்பலகைக்குப் போனார். "இப்படியே பேசிட்டு இருந்தா கட்டு முடியாதுங்க. நாமளே ஒண்ண எழுதுவோம். நாலு பேருக்கும் சரின்னா அதுதான் கீ." விடைக்குறிப்பைக் கரும்பலகையில் பெரிசாக எழுதினார். 'பொதுமக்கள்' என்பதைப் பெரிய சார் அழிக்கச் சொன்னார். அதை அழித்தால் போரில் சண்டை போடுகிற சிப்பாயும் பயங்கரவாதி ஆகிவிடுவாரே என்று நான் சொன்னேன். 'சட்டத்துக்குப் புறம்பாக' என்பதைச் சித்தேரி சார் அழிக்கச் சொன்னார். அப்பாவை அழைத்துப்போனவர்கள் சட்டப்படிதான் போனோம் என்று சொன்னார்களாம். 'அரசியல் நோக்கம்' என்பதை அழித்தால் வழிப்பறிக்காரன்கூட உள்ளே வந்துவிடுவான். வைத்துக்கொண்டால் பெரிய சாரின் அண்ணன் வெளியே போய்விடுவார்.

கடைசியில் பலகையில் 'அச்சத்தை உண்டாக்குதல்' மட்டும் மிஞ்சியது.

"அப்ப எங்க ஹெட்மாஸ்டரும்தான்," என்றார் வரலாற்று டீச்சர். எல்லோரும் சிரித்தோம். சிரித்த உடனே அவரே சாக்பீஸைக் கீழே வைத்தார். "எனக்கு இன்னொரு சந்தேகங்க. வெள்ளைக்காரன் மேல குண்டு போட்டவங்கள நான் வகுப்புல தியாகின்னு நடத்துறேன். வெள்ளைக்காரன் எழுதுன ஃபைல்ல அவங்களுக்கு வேற பேரு. எந்தத் தேதியிலிருந்து பேரு மாறுச்சுன்னு ஒரு பொண்ணு கேட்டுச்சு. நான் பெல் அடிச்சதும் வெளிய வந்துட்டேன்."

உலக நாடுகள் எத்தனையோ வருஷமாகக் கூடிப் பேசியும் இதற்கு ஒரு பொது வரையறைக்கு வர முடியவில்லை என்று நானே வகுப்பில் பல தரம் சொல்லியிருக்கிறேன். சொல்லும்போது அது யாரோ கோட்டுப் போட்டவர்களின் பிடிவாதம் என்றுதான் எண்ணியிருந்தேன்.

அந்தக் கேள்வியை மட்டும் விட்டுவிட்டு மற்றதைத் திருத்துங்கள், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று பெரிய சார் சொல்லிவிட்டார்.

சாயங்காலம் கம்பைநல்லூரில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது என் கொழுந்தனார் பைக்கோடு நின்றிருந்தார். ஊருக்கு உள்ளே போக வண்டி கிடையாது என்பதால் பெரும்பாலும் அவர்தான் வந்து அழைத்துப்போவார். என் வீட்டுக்காரருக்குத் தம்பி. டிராக்டர் வைத்திருக்கிறார். என் மகனுக்குக் காய்ச்சல் வந்த வாரம் எங்களைத் தூங்கச் சொல்லிவிட்டு அவனைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தவர். அவர் மேல் ஒரு வழக்கும் இருக்கிறது.

அதற்கு முந்தைய வருஷம் எங்கள் ஊர்த் திருவிழாவில் ஒரு தகராறு. சாமி ஊர்வலம் கீழ்த்தெரு வழியாகப் போக வேண்டும் என்று கீழ்த்தெருக்காரர்கள் கேட்டார்கள், எங்கள் தெருக்காரர்கள் முடியாது என்றார்கள். உள்ளாட்சித் தேர்தலும் வர இருந்தது. இந்த ஊரில் யார் பேச்சு எடுபடும் என்பதுதான் அடியில் கிடந்த விஷயம். மறுநாள் எங்கள் தெரு ஆண்கள் கூட்டமாகக் கீழ்த்தெருவுக்குள் போனார்கள். ஓடுகளை உடைத்தார்கள். வண்டிகளைத் தள்ளிவிட்டார்கள். ஒரு வைக்கோல் போருக்குத் தீ வைத்தார்கள். அங்கிருந்தவர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கரும்புக் காட்டுக்குள் ஓடினார்கள். நான் அப்போது பள்ளியில் இருந்தேன். வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. வாய்தா வந்தால் மட்டும் கொழுந்தனார் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்புவார்.

வண்டி ஏரிக்கரை தாண்டியதும் கேட்டேன். "தம்பி, ஒண்ணு கேக்கறேன். கோவிச்சுக்கக் கூடாது."

"கேளுங்கண்ணி."

"அன்னைக்குக் கீழ்த்தெருவுக்கு எதுக்குப் போனிங்க?"

அவர் வேகத்தைக் குறைத்தார். "ஏன், வக்கீல் எதாச்சும் கேட்டாரா?"

"இல்ல. நானாத்தான் கேக்கறேன்."

"அடிக்கணும்னு போகலண்ணி. சத்தியமா. ஒருத்தருக்கும் ஒரு கீறல் வுழுல, நீங்க யார வேணா கேட்டுப் பாருங்க. சும்மா பயமுறுத்தி வுட்டுட்டு வரலாம்னுதான் போனோம்."

தங்கள் மேல் பெரிய குற்றம் இல்லை என்பதற்கு அத்தாட்சியாக அதைச் சொன்னார். நான் கேட்காமலே மனசு பாயிண்ட் பாயிண்டாகப் போட ஆரம்பித்தது. நோக்கம் இருக்கிறது. பொதுமக்கள்தான். சட்டத்துக்குப் புறம்பானது, அதனால்தான் வழக்கே. அச்சம், அதை அவர் வாயாலேயே சொல்லிவிட்டார். பெரிய சாரின் அண்ணனைக் கொன்றவர்களுக்குக் கிடைக்காத முழு மதிப்பெண் என் கொழுந்தனாருக்குக் கிடைத்தது.

"அத என்னன்னு சொல்லுவிங்க தம்பி?"

"எத?"

"அன்னைக்கு நடந்தத."

"சண்டைதான். ஊர்ச்சண்டை."

"சண்டைன்னா ரெண்டு பக்கமும் அடிச்சிக்கணுமே."

அவர் ஒரு குழியைச் சுற்றி வண்டியை ஒடித்தார். பிறகு, "நல்லாப் புடிச்சுக்கங்கண்ணி. ரோடு சரியில்ல," என்றார்.

அந்தப் பெரிய சொல்லை அவர் மேல் வைத்துப் பார்த்தேன், பொருந்தவில்லை. எடுத்துவிட்டுப் பார்த்தேன். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கரும்புக் காட்டில் ஒளிந்தவர்களின் அந்த நாள் ஒன்றுமில்லாததாகப் போனது. வீடு வரைக்கும் இப்படி வைப்பதும் எடுப்பதுமாகவே போனது. வீட்டுக்காரரிடம் சொன்னேன். "நீ பாடத்த ஸ்கூலோட வுட்டுட்டு வா," என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான் என்று அப்போது பட்டது.

மறுநாள் பெரிய சார் எங்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். சரியாகத் தூங்காத முகம்.

"நான் ஒரு முடிவுக்கு வந்துட்டேன்," என்றார். "இந்தக் கேள்விய எழுத முயற்சி பண்ணவங்க எல்லாருக்கும் ரெண்டு மார்க். நமக்கே தெரியாதத அந்தப் புள்ளைங்ககிட்ட எப்படிங்க எதிர்பார்க்கிறது?"

எனக்கு நிம்மதியாக இருந்தது. சித்தேரி சாரும் சந்தோஷப்படுவார் என்று திரும்பினேன். அவர் என் கட்டிலிருந்து ஒரு தாளை உருவி மேசையில் வைத்தார். ஒரு மதத்தின் பேரை எழுதியிருந்த பையனுடைய தாள்.

"இதுக்கும் ரெண்டா சார்?"

பெரிய சார் படித்துப் பார்த்தார். "இது வேற."

"எப்படி வேற? எழுத முயற்சி பண்ணியிருக்கான். அவனுக்கு அதுதான் தெரியும். இதுக்கு ரெண்டு போட்டா நாமளும் சரின்னு சொன்ன மாதிரி. இதுக்கு ஒரு கோடு வேணும் சார். எதாவது ஒரு கோடு."

நேற்று கோடே வேண்டாம் என்று வாதாடியவர் இன்று கோடு கேட்டார். நேற்று கோட்டைப் பிடித்துக்கொண்டிருந்தவர் இன்று அதை விட்டுவிட்டார். நான் யார் பக்கம் என்று வரலாற்று டீச்சர் கேட்டபோது, இரண்டு பேர் சொல்வதும் சரியாகத்தான் இருக்கிறது என்றேன். "அது பதில் இல்லைங்க," என்றார் அவர். பதில் இல்லைதான்.

மத்தியானம் கட்டுகளை ஏற்றிப்போக வேன் வந்து வாசலில் நின்றது. டிரைவர் இரண்டு தரம் எட்டிப் பார்த்தார். கடைசியில் வரலாற்று டீச்சர்தான் சிவப்புப் பேனாவைத் திறந்தார். "மதத்துப் பேரைச் சொல்லித் திட்டுனவனுக்குச் சுழி. மத்த எல்லாருக்கும் ஒண்ணு. புக்குல இருக்கறத எழுதுனாலும் ஒண்ணு, சொந்தமா எழுதுனாலும் ஒண்ணு. பாதி சரி, பாதி இன்னும் யாருக்கும் தெரியாது." நாலு பேரும் குனிந்து மதிப்பெண்களைத் திருத்தினோம்.

தாள்கள் பிள்ளைகள் கைக்குப் போய்ச் சேர்ந்த வாரத்தில் எனக்கு ஒரு போன் வந்தது. மாரண்டஹள்ளிப் பக்கத்துப் பள்ளியின் ஆசிரியை. என் கையெழுத்தைப் பார்த்து நம்பர் விசாரித்து வாங்கியிருக்கிறார். நல்ல கோபத்தில் இருந்தார்.

"எங்க ஃபர்ஸ்ட் மார்க் பொண்ணு புக்குல இருக்கறத ஒரு எழுத்து மாறாம எழுதியிருக்குது. ஒரு மார்க் எங்கங்க போச்சு?"

நான் நடந்ததைச் சொன்னேன். சொல்லச் சொல்ல அது எவ்வளவு அபத்தமாக இருக்கிறது என்று எனக்கே கேட்டது. அவர் கோபம் கொஞ்சம் இறங்கிய பிறகு, குண்டு எழுத்துத் தாளைப் பற்றி விசாரித்தேன். அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. "அவளா? இங்கதான் இருக்கா, குடுக்கறேன்," என்று அந்தப் பெண்ணிடம் போனைக் கொடுத்தார்.

"உங்க ஊர்ல போன வருஷம் என்ன கண்ணு நடந்துச்சு?" என்று கேட்டேன். எந்தப் பதிலுக்கும் தயாராகத்தான் கேட்டேன்.

"யானை மேடம்."

"என்னது?"

"ஒத்த யானை மேடம். காட்டுல இருந்து எறங்கி ஊருக்குள்ள வந்துரும். கேவுரு மூட்டை வெச்சிருக்கற வூடா பாத்துச் செவுத்த இடிக்கும். எங்க பெரியப்பா வூட்டயும் இடிச்சிருச்சு."

"கேள்வி பயங்கரவாதம்னு இருந்துச்சே."

"பயங்கரமா இருந்துச்சு மேடம். அதான் எழுதுனேன்." கொஞ்சம் நிறுத்தி, "தப்புங்களா மேடம்?" என்றாள்.

"நல்லா எழுதியிருந்த கண்ணு," என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

பெரிய சாரைக் கூப்பிட்டுச் சொன்னேன். வெகுநேரம் சிரித்தார். சிரிப்பு நின்ற பிறகு, "அதுக்கும் அதோட வழியில வூடு கட்டிட்டாங்கன்னு எதாச்சும் கோவம் இருக்குமோ என்னமோ," என்றார். மார்க்கை மாற்ற வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

சித்தேரி சாரிடமும் சொன்னேன், அவர் சிரிக்கவில்லை. "அந்தப் பொண்ணு எழுதுனது சரிதாங்க மேடம்," என்றார். "எங்கப்பாவத் தேடி வந்தப்ப எங்கம்மா என் வாயப் பொத்திட்டுத்தான் உக்காந்திருந்துச்சு. வந்தது யாருன்னு எனக்கு அப்பத் தெரியாது. யானைன்னுதான் நெனச்சேன்."



போன தை மாதம் கொழுந்தனாரின் வழக்கு முடிந்தது. சாட்சிகள் ஒவ்வொருவராக எதையும் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டார்கள். எல்லோருக்கும் விடுதலை. வீட்டில் லட்டு வாங்கிக் கொடுத்தார்கள். நானும் ஒன்றைச் சாப்பிட்டேன். கொழுந்தனார் என் காலைத் தொட்டுக் கும்பிட்டபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அடுத்த நாள் காலை பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். கீழ்த்தெருவிலிருந்து தர்மபுரியில் ஒரு துணிக்கடைக்கு வேலைக்குப் போகிற அம்மா ஒருவரும் வந்து நின்றார். தினமும் பார்க்கிற முகம்தான், பஸ்ஸைப் பற்றி மட்டும் பேசிக்கொள்வோம்.

"உங்க கொழுந்தனாருக்கு விடுதலையாமுங்க டீச்சர்," என்றார்.

"ஆமாங்க."

"செரிங்க," என்றார்.

குரலில் கோபமா, வருத்தமா, வெறும் விசாரிப்பா என்று என்னால் பிரித்தறிய முடியவில்லை. பஸ் வந்தது. கூட்டத்தில் அவர் முதலில் ஏறி ஜன்னலோரம் இடம் பிடித்தார். நான் நிற்பதைப் பார்த்து, மடியில் பையை எடுத்து வைத்துக்கொண்டு, கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். உட்கார்ந்தேன். தர்மபுரி வரும் வரைக்கும் அவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். என்ன கேட்கலாம் என்று நான் யோசித்துக்கொண்டே இருந்தேன்.